ஓடுவதும் ஓட்டுவதும்

முதலாமாண்டு மாணவியருக்குத் தன்வினையும் பிறவினையும் நடத்தும்போது நான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சான்று ‘ஓடு’ என்னும் வினைதான். அவள் ஓடினாள் என்றால் தன்வினை. அவள் வண்டியை ஓட்டினாள் என்றால் பிறவினை. ஒரு டகரம் இரட்டித்த அளவில் ஓடுவது ஒன்றாகவும் ஓட்டுவது வேறொன்றாகவும் பிரிந்துவிடுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். ஆயினும், ஓடவும் செய்யாமல் ஓட்டவும் செய்யாமல் ஒரு பந்தயத்தில் கலந்துகொள்ள முடியும் என்பதை 2019 மே மாதத்தில்தான் அறிந்தேன்.

கலிபோர்னியாவில் வசிக்கும் என் தம்பி வீட்டிற்கு அந்தக் கோடை விடுமுறையில் சென்றிருந்தேன். அனஹைம் நகரில் டிஸ்னிலாந்தை ஒட்டி டிஸ்னி கலிபோர்னியா அட்வெஞ்சர் என்றொரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. 2006இல் வெளிவந்த ‘கார்ஸ்’ என்னும் அசைபடத்தில் வரும் சிற்றூரை அங்கே அப்படியே கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அதன் நடுநாயகமாக விளங்குவது ‘ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ்’ என்னும் பந்தயச் சவாரி. 2012 ஜூன் 15இல் திறக்கப்பட்டது. செந்நிறப் பாறைகளால் ஆன ஒரு மலைத்தொடரையே அதற்காகச் செயற்கையாக உருவாக்கியிருக்கிறார்கள். பாறைகளுக்கிடையே சாலை. சாலையில் இரண்டு வண்டிகள் அருகருகே சீறிக்கொண்டு செல்கின்றன. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது பந்தயம் என்பதில் ஐயமே எழாது.

தம்பியின் மகனுக்கு உயரம் போதவில்லை. 102 சென்டிமீட்டராவது இருக்க வேண்டுமாம். அவனையும் அவன் அக்காவையும் அழைத்துக்கொண்டு தம்பி மனைவி நிழலில் அமர்ந்துவிட்டாள். நானும் தம்பியும் மட்டும் சென்றோம். பொது வரிசை நீண்டு கிடந்தது. தனியாக வருபவர்களுக்கென்று ஒரு குறுக்கு வரிசை உண்டு. குடும்பங்கள் அமர்ந்தபின் எஞ்சும் ஒற்றை இருக்கைகளில் அவர்களை ஏற்றிவிடுவார்கள். “சேர்ந்து உட்கார முடியாது, பரவாயில்லையாக்கா?” என்று தம்பி கேட்டான். பரவாயில்லை என்றேன். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு வண்டியில் ஆறு பேர். வரிசைக்கு மூவராக இரண்டு வரிசை. ஓட்டுநர் என்று யாரும் இல்லை. என்னை ஒரு வண்டியில் ஏற்றினார்கள். தம்பிக்கு அடுத்த வண்டி.

தொடக்கத்தில் வண்டி மாட்டுவண்டியின் நிதானத்தில் சென்றது. மலைச்சாலை, அருவி, பிறகு இருட்டு. உறங்கும் டிராக்டர்கள், விரட்டும் அறுவடை இயந்திரம், படத்தில் வரும் ஊர், ஊர்க்காரர்களாகப் பேசும் கார்கள். பின்னர் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு வண்டி சக்கரம் மாற்றும் கடைக்கும் மற்றொன்று வண்ணம் பூசும் கடைக்கும் போகின்றன. அதாவது, பந்தயத்திற்கு ஒப்பனை நடக்கிறது. அங்கிருந்து வெளியே வந்ததும் வெளிச்சம் கண்ணைக் கூசியது. வலப்புறம் திரும்பினேன். இன்னொரு வண்டி வந்து நின்றது. அதன் பின்வரிசை ஓரத்தில் தம்பி.

மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணினார்கள். பிறகு நான் நினைப்பதற்கு ஒன்றுமில்லை. காற்று முகத்தில் அறைந்தது. சாய்ந்த வளைவு, மேடு, பள்ளம், மறுபடி வளைவு. ஒருமுறை தம்பியின் வண்டி முந்தியது. ஒருமுறை எங்கள் வண்டி. என் பக்கத்திலிருந்த முன்பின் அறியாத பெண்மணி தன் வண்டியை ஊக்குவிப்பவளைப் போல முன்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நானும் தட்டினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் தம்பியின் வண்டி ஒரு வண்டி நீளம் முந்திச் சென்று பாறைக்குள் மறைந்தது.

அந்த ஒரு வண்டி நீளம் எனக்கு உறுத்தியது. நாற்பதை நெருங்கும் பேராசிரியைக்குக் கேளிக்கைப் பூங்காவில் தோற்றதற்காக முகம் சுண்டியது. அதற்கான காரணம் அந்தப் பூங்காவில் இல்லை என்பதை நான் அறிவேன்.

*

கும்பகோணத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர் எங்கள் அப்பா. நான் மேல்நிலைப் பள்ளியில் கணிதம், இயற்பியல் உள்ளிட்ட முதல் பிரிவு. 1996இல் தேர்வு முடிவு வந்தபோது 1200க்கு 1087. பொறியியல் படிக்க வேண்டும் என்றேன். அப்பா கோபப்படவில்லை; அன்பாகத்தான் சொன்னார். ரெண்டு வருஷத்துல தம்பியும் வந்து நிற்பான்; ஒத்தை மாட்டை வச்சு ரெண்டு வண்டி இழுக்க முடியாதும்மா. உள்ளூர் மகளிர் கல்லூரியில் தமிழ் இலக்கியத்தில் இடம் இருந்தது. கட்டணம் பெயரளவுக்கு. பேருந்துச் செலவுகூட இல்லை, நடந்தே போகலாம்.

தமிழ் என்னை ஏமாற்றவில்லை. இன்று வேறொன்றாக நான் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. ஆனால் பிடித்துப்போவதும் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. 1998இல் தம்பி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். வட்டிக்குக் கடன் வாங்கி அப்பா கட்டினார். அன்று மாலை அம்மா பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். யாரும் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னும் இருபது ஆண்டுகள் யாரும் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

*

வெளியே வந்து ஒரு மேசையில் அமர்ந்தோம். தம்பி எலுமிச்சைச்சாறு வாங்கி வந்தான். “நீ ஜெயிச்சுட்ட” என்றேன். அவன் சிரித்தான். “நானா? நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்க்கா.”

ஆலைகளில் பொருள்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்தும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுவது அவன் தொழில். ஆகவே அவன் அந்தச் சவாரியை என்னைப் போல் பார்க்கவில்லை. அவன் சொன்னதை என்னால் இயன்ற அளவு இங்கே எழுதுகிறேன். பொறியியல் அறிந்த நண்பர்கள் பிழையிருப்பின் பொறுத்தருள்க.

அந்தச் சாலையைக் கூர்ந்து பார்த்தால் நடுவில் ஒரு நீண்ட பிளவு தெரியும். சிறுவர் விளையாடும் ஸ்லாட் கார் பொம்மையில் இருப்பது போன்றது. வண்டியின் எடையைத் தாங்குவது சாலைமீது உருளும் சக்கரங்கள்தாம். ஆனால் வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு தண்டு பிளவு வழியே கீழே இறங்குகிறது. சாலைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அது தடத்தைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. வண்டி திரும்புவது அதன்படிதான். மின்சாரமும் அங்கிருந்துதான் வருகிறது. வண்டியிலுள்ள மோட்டார் அதைக் கொண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறது. எங்கே எவ்வளவு விரைய வேண்டும், எங்கே தணிய வேண்டும், முன்னால் செல்லும் வண்டிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் கணினியின் பொறுப்பு. தடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முன்பகுதி காலியாகாதவரை பின்வண்டிக்கு அனுமதி இல்லை. இரண்டு வண்டிகள் ஒரே நொடியில் தொடக்கக் கோட்டுக்கு வந்ததாக நான் வியந்தேனே, அதுவும் தற்செயல் அன்று. ஒன்றுக்காக மற்றொன்றைக் காக்க வைத்திருக்கிறார்கள்.

இந்த முறைக்கு முன்னோடி ஃபுளோரிடாவின் எப்காட் பூங்காவிலுள்ள ‘டெஸ்ட் டிராக்’. 1997இல் திறப்பதாக இருந்தது. வண்டிகளின் சக்கரங்களும் அவற்றை ஆளும் நிரலும் எளிதில் வசப்படவில்லை. 1999 மார்ச் 17இல்தான் முறைப்படி திறந்தார்கள். மணிக்கு ஏறத்தாழ 104 கிலோமீட்டர் வரை அது செல்லும். நாங்கள் சென்ற சவாரியின் உச்ச வேகம் 64 கிலோமீட்டர்தான். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்துகூட அதை மிஞ்சும். பிறகு ஏன் அந்த விரைவு? தரையை ஒட்டிய இருக்கை, திறந்த மேற்புறம், கைக்கெட்டும் தொலைவில் பாறை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்தில் இன்னொரு வண்டி. “வேகம் சக்கரத்தில் பாதிதான்க்கா. மீதி பக்கத்து வண்டில இருக்கு” என்றான்.

அது உண்மைதான். அபுதாபியில் 2010இல் திறக்கப்பட்ட ‘ஃபார்முலா ரோசா’ மணிக்கு 240 கிலோமீட்டர் செல்லும் ரோலர் கோஸ்டர். நீரியல் விசையால் ஐந்து நொடிக்குள் அந்த வேகத்தை எட்டிவிடுகிறது. கண்ணில் மணல் படாமலிருக்கப் பயணிகளுக்குக் கண்ணாடி தருகிறார்கள். ஆனால் பக்கத்துத் தடத்தில் யாருமில்லை. அது விரைவு, பந்தயம் அன்று. இதற்கு நேர்மாறானது 2021இல் ஒசாகாவின் யூனிவர்சல் பூங்காவில் திறக்கப்பட்ட மரியோ கார்ட் சவாரி. தம்பிதான் பின்னர் அதைப் பற்றி எழுதியிருந்தான். அங்கே வண்டி உண்மையில் மெதுவாகவே நகர்கிறது. தலையில் அணியும் கண்ணாடி வழியே எதிரிகளும் உருவங்களும் பறந்து வர, பயணி தான் விரைவதாக நம்பிக்கொள்கிறார். பந்தயத்துக்கு வேகம்கூடத் தேவையில்லை. எதிராளி இருந்தால் போதும் என்று அதைக் கட்டியவர்கள் கண்டுகொண்டார்கள் போலும்.

*

“அப்போ யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்களா?” என்று கேட்டேன். என் குரலில் இருந்த கூர்மை அவனுக்கும் கேட்டிருக்கும்.

முடிவு பயணிகளின் கையில் இல்லை என்றான். ஆனால் எப்போதும் ஒரே தடம் வெல்வதும் இல்லை. வளைவில் வெளித்தடத்துக்குத் தொலைவு அதிகம், உள்தடத்துக்குக் குறைவு. அப்படியே விட்டால் ஒரு தடத்தில் ஏறியவர்கள் என்றைக்கும் தோற்றுக்கொண்டிருப்பார்கள். ஆகவே வெற்றி எப்போதும் ஒரே தடத்துக்குப் போகாதபடி வண்டிகளை விடுகிறார்கள். கட்டியவர்கள் அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள்.

அதைக் கேட்டு நான் நெடுநேரம் பேசவில்லை. காசு வாங்கிக்கொண்டு காட்டும் ஒரு வேடிக்கைக்கே, ஒரு தடம் எப்போதும் தோற்கக்கூடாது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் எத்தனை அக்காக்கள், எத்தனை தம்பிகள். எல்லா வீடுகளிலும் முடிவு ஒன்றாகவே இருந்தது. ஒரே ஒரு முறையாவது மாற்றி விட்டிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பா கொடியவர் அல்லர். அவரும் யாரோ போட்டுவைத்த தடத்தில் வந்தவர்தாம்.

பந்தயச் சவாரிகள் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்று தம்பி தொடர்ந்தான். நியூயார்க்கின் கோனி தீவில் ஜார்ஜ் டில்யூ என்பவர் 1897இல் தொடங்கிய பூங்காவின் பெயரே ‘ஸ்டீபிள்சேஸ்’. இணையாக அமைந்த தண்டவாளங்களில் இயந்திரக் குதிரைகள், அவற்றின்மீது மனிதர்கள். மோட்டார் இல்லை. சரிவில் புவியீர்ப்பு இழுக்க, குதிரைகள் போட்டியிட்டு இறங்கும். பருத்தவர்கள் ஏறிய குதிரை முந்தும் என்பதால், இருவராக ஏறி எடையைக் கூட்டிக்கொள்வதும் உண்டு. 1964 வரை அந்தப் பூங்கா இயங்கியது. அங்கே முடிவு பயணியின் உடலில் இருந்தது. 1955இல் டிஸ்னிலாந்து திறந்தபோது ‘ஆட்டோபியா’ என்னும் சிறுவர் கார்ச் சாலையில் நடுத்தண்டவாளம் கிடையாது. முடிவு சிறுவர்களின் கையில் இருந்தது. விளைவு, கார்கள் ஒன்றோடொன்று முட்டி நொறுங்கின. 1960களில் நடுவே தண்டவாளம் பதித்தார்கள். அதன்பின் கணினி வந்தது. முடிவு பயணியின் எடையிலிருந்து கைக்குப் போய், கையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

“இன்னொண்ணு இருக்கு. அது உனக்குப் பிடிக்கும்” என்று சொல்லிக் காகிதக் கைக்குட்டையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்தான். அதை ஒருமுறை முறுக்கி இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தான். இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் 1935இல் கட்டிய ‘கிராண்ட் நேஷனல்’ என்னும் மர ரோலர் கோஸ்டரைப் பற்றிச் சொன்னான். அமெரிக்காவின் கென்னிவுட் பூங்காவிலும் 1927இல் கட்டிய அத்தகைய ஒன்று உண்டாம். இரண்டு தொடர்வண்டிகள் அருகருகே புறப்பட்டுப் பந்தயமிடும். பார்ப்பவர்களுக்கு இரண்டு தண்டவாளங்கள். உண்மையில் இருப்பது ஒரே தண்டவாளம்; அந்த முறுக்கிய கீற்றைப் போல் தன்னையே சுற்றி வருகிறது. இடப்புறம் புறப்பட்ட வண்டி வலப்புறம் வந்து சேரும். வலப்புறத்தது இடப்புறம். மறுமுறை புறப்படும்போது ஒன்று சென்ற தடத்தில் மற்றது செல்லும்.

கீற்றின்மீது விரலை ஓட்டிக் காட்டினான். நானும் ஓட்டிப் பார்த்தேன். எங்கும் விரலை எடுக்காமலே மறுபக்கம் போய்விட்டேன்.

அப்போதுதான், கீற்றைப் பார்த்துக்கொண்டே, அவன் அதைச் சொன்னான். “காலேஜ்ல பணம் கட்டப் போனோம்ல, அன்னிக்கு அப்பா மஞ்சப்பையில சர்டிபிகேட்டெல்லாம் வச்சிருந்தார். என் மார்க் ஷீட்டை எடுக்கும்போது உன்னோடதும் சேர்ந்து வந்துச்சு. கவுண்டர்ல இருந்தவர் மேல இருந்ததைப் பார்த்துட்டு, ஆயிரத்து எண்பத்தேழு, நல்ல மார்க்குன்னு சொன்னார். அப்பா ஒண்ணும் சொல்லலை. அதை உள்ள வச்சுட்டு என்னோடதை எடுத்து நீட்டினார்.”

அவனுடையது 1019. எனக்கு நினைவிருந்தது. அவனுக்கு அது நினைவிருக்கும் என்று நான் எண்ணியதில்லை. அறுபத்தெட்டு மதிப்பெண் வேறுபாட்டை நான் ஒருத்தி மட்டும்தான் சுமந்து திரிவதாக இருபது ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல” என்றேன்.

“சொல்லி?” என்றான். அதற்கு என்னிடம் விடையில்லை. சொல்லியிருந்தால் அவன் இடத்தில் என்னைச் சேர்த்திருக்கப் போவதில்லை. ஆனால் சொல்லியிருக்கலாம். இன்றும் அப்படித்தான் கருதுகிறேன். கொடுத்த தடத்தில் ஓடியவன் குற்றவாளி அல்லன் என்பது வேறு. பக்கத்துத் தடம் ஏன் காலியாக இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துக் கேட்டிருக்கலாம் என்பது வேறு. அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான். கேட்கத்தான் இல்லை. நானும் என் பங்குக்கு எதையும் கேட்கவில்லை, பாயசம் குடித்தேன்.

இப்போதெல்லாம் தன்வினை, பிறவினை நடத்திய கையோடு செயப்பாட்டுவினைக்கு வரும்போது ‘ஓட்டப்பட்டது’ என்று எழுதிவிட்டு மாணவியரைப் பார்த்து, யாரால் என்று கேட்கிறேன். இலக்கணப்படி அந்த ‘ஆல்’ உருபு தொக்கி நிற்கலாம், பிழையில்லை. ஆனாலும் கேட்கச் சொல்கிறேன். வாக்கியத்தில் இல்லாததால் அப்படி ஒருவர் இல்லாமல் போய்விடுவதில்லை.

*

மாலையில் மறுபடியும் சென்றோம். அந்தக் குறுக்கு வரிசைதான். பாறைகளில் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். இம்முறையும் வெவ்வேறு வண்டிகள். இருட்டுக்குள் சென்று, வண்ணக் கடையைக் கடந்து, தொடக்கக் கோட்டுக்கு வந்தபோது அவன் வண்டி என் இடப்புறம் நின்றது. காலையில் அவன் இருந்த தடத்தில் இப்போது நான். பிளாக்பூலின் தண்டவாளம் நினைவுக்கு வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும். காற்றில் விரலால் ஒரு முறுக்கு வரைந்து காட்டினான்.

எண்ணி முடித்தார்கள். வண்டிகள் பாய்ந்தன.

வெளியே வந்ததும் தம்பி மகள் ஓடிவந்தாள். “அத்தை, யார் ஜெயிச்சா?” என்றாள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இருவருமே கவனித்திருக்கவில்லை.